இரண்டு சட்டை, ஒரே நிறம்

1

இந்த வெள்ளைக்காரன் நாட்டில் தும்மினாலும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வந்த புதிதில் எரிச்சலாக இருந்தது. பத்து வருஷத்தில் பழகிவிட்டது. ஒரு படிவத்தைப் பார்த்து நான் ஆடிப்போனது ஒரே ஒரு தடவைதான். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதினாலாவது தெளியுமா என்று பார்க்கிறேன். தெளியாவிட்டால் நீங்களும் என்னோடு சேர்ந்து கொஞ்ச நேரம் குழம்பிக்கொள்ளுங்கள்.

என் மகன் செந்திலுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் நர்ஸ் வந்து பிள்ளைகளுக்கு ஒரு புத்தகத்தைக் காட்டினாளாம். பக்கம் முழுக்கக் கலர் கலராகப் புள்ளிகள், நடுவில் ஓர் எண் ஒளிந்திருக்கும். மற்ற பிள்ளைகள் எட்டு என்று படித்த இடத்தில் இவன் மூன்று என்றிருக்கிறான். இன்னொரு பக்கத்தில் எண்ணே இல்லை, சும்மா புள்ளிதான் என்று அடித்துச் சொல்லியிருக்கிறான். சிவப்பும் பச்சையும் இவன் கண்ணுக்குச் சரியாகப் பிரிவதில்லை, பயப்பட ஒன்றுமில்லை, கூட உள்ள படிவத்தை நிரப்பி அனுப்பவும் என்று கடிதம் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம். சமையலறை மேஜையில் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டேன். வசந்தா எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பெயர், விலாசம், பிறந்த தேதி எல்லாம் எழுதி முடித்தேன். ஏழாவது கேள்வி: குழந்தையின் தாயாருடைய தந்தைக்கு நிறம் பிரித்தறிவதில் குறை உண்டா? ஆம், இல்லை, தெரியாது.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"வசந்தா, இந்தக் கூத்தக் கேளேன். உங்க அப்பாவுக்குக் கலர் தெரியுமான்னு கேக்கறான் வெள்ளக்காரன். ஆம்பூர் டேனரியில கலர் மாஸ்டரா இருந்த மனுஷன!"

வசந்தா சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். என் கையிலிருந்த பேனாவை வாங்கி, 'ஆம்' என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக் போட்டாள். திரும்பவும் பீன்ஸை எடுத்துக்கொண்டாள்.

"இன்னா செஞ்ச நீ?"

"கேட்டதுக்கு பதில் போட்டேன்."

அவளுடைய அப்பா நமச்சிவாயம் எனக்கு மாமனார் ஆனது பின்னால் வந்த கதை. முதலில் அவர் என் பாஸ். என் வாழ்க்கையில் எனக்கு வாய்த்த முதல் பாஸ். இன்றைக்கும் நான் அவரை மாமா என்று கூப்பிடுவதில்லை, சார் என்றுதான் வாயில் வருகிறது. அந்த சாருக்கு நிறம் தெரியாது என்று அவர் பெற்ற மகளே டிக் போட்டால், நீங்களே சொல்லுங்கள், எனக்கு எப்படி இருக்கும்?

2

குடியாத்தத்தில் நாங்கள் நெசவுக்காரச் சனம். என் அப்பா நூலுக்குச் சாயம் போடுகிறவர். லுங்கிக்குப் போகும் நூல் எங்கள் வீட்டுத் தொட்டியில் முங்கித்தான் போகும். அவர் கை முழங்கை வரை எப்போதும் நீலமாகவே இருக்கும். எழுபதுகளின் நடுவில், நான் பி.யூ.சி. முடித்துவிட்டு வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்த சமயம், ஆம்பூரில் ஒரு டேனரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

அதுவரைக்கும் எங்கள் பக்கத்து டேனரிகளில் தோலைப் பதப்படுத்தி அப்படியே அனுப்பிவிடுவார்கள். இனிமேல் கலர் போட்டு, மெருகேற்றி, முடித்த தோலாகத்தான் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று அரசாங்கம் நெருக்க ஆரம்பித்திருந்தது. டேனரிக்கு டேனரி அவசர அவசரமாகக் கலர் செக்‌ஷன் கட்டினார்கள். நமச்சிவாயம் சார் பத்துப் பதினைந்து வருஷமாக, முடி கழற்றத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் மேஸ்திரியாக இருந்தவர். தோலைத் தொட்டே ஆட்டு வயசைச் சொல்வார் என்று பேர். நம்பிக்கையான ஆள் என்று முதலாளி அவரைத் தூக்கிக் கலர் செக்‌ஷனுக்குத் தலைவராகப் போட்டுவிட்டார்.

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. டேனரியில், அதுவும் கலர் செக்‌ஷனில், வெள்ளை உடுத்துகிற ஒரே ஆள் அவர்தான். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"உங்க அப்பா சாயக்காரராமே?"

"ஆமா சார்."

டிராயரிலிருந்து உள்ளங்கையளவு இரண்டு தோல் துண்டுகளை எடுத்து மேஜைமேல் போட்டார். "இது ரெண்டும் ஒண்ணா, வேறயா?"

"வேற சார். இதுல செவப்பு ஜாஸ்தி. அதுல பச்ச ஓடுது."

"எங்க ஓடுது, காட்டு."

"முழுக்கத்தான் சார் ஓடுது."

அந்தத் துண்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சனிக்கிழமை வந்து சேர்ந்துடு," என்றார். மார்க் ஷீட்டைக் கேட்கவே இல்லை. என் திறமையைக் கண்டுபிடித்த முதல் மனிதர் என்று பஸ்ஸில் வரும்போதே எனக்குத் தலை கனத்துவிட்டது.

வேலை இதுதான். வாங்குகிறவன் ஒரு தோல் துண்டை மாதிரியாகக் கொடுப்பான். அதை வளைவு நெளிவாக இரண்டாக வெட்டி, ஒரு பாதி அவனிடம், மறு பாதி நம்மிடம். நாம் கலர் போடுகிற மொத்தத் தோலும், அதற்கு லாட் என்று பேர், அந்தப் பாதிக்குப் பொருந்த வேண்டும். வந்து பார்க்கிறவன் தன் பாதியை லாட்மேல் வைத்துப் பார்ப்பான். பொருந்தாவிட்டால் லாட் அம்பேல். நம் பாதியைப் பத்திரமாக வைத்துக்கொள்வது என் பொறுப்பு.

கலர் பார்ப்பதற்கென்று வடக்குப் பக்கம் ஒரு சன்னல் இருந்தது. வடக்கு வெளிச்சம்தான் ஏமாற்றாது. காலை பத்து மணிக்கு மேல் பன்னிரண்டுக்குள் சார் அங்கே வந்து நிற்பார். தோலை மடிப்பார், முகர்ந்து பார்ப்பார், விரலால் தேய்ப்பார், சமயத்தில் நாக்கு நுனியால்கூடத் தொட்டுப் பார்ப்பார். எல்லாம் செய்துவிட்டு, கடைசியில் என் பக்கம் திரும்புவார்.

"நீ சொல்லு."

"செவப்பு கொஞ்சம் கம்மி சார்."

"கொஞ்சம்னா எவ்ளோ? சோத்துக்கு உப்பா, கொழம்புக்கு உப்பா?"

"சோத்துக்கு சார்."

உடனே மூன்றாம் நம்பர் டின்னில் இத்தனை கிராம் என்று கணக்குச் சொல்வார். அச்சாகப் பொருந்தும். கலர் டின் எல்லாவற்றிலும் எண் எழுதி வரிசையாக வைத்திருந்தார். ஒரு தடவை பெருக்குகிற அம்மா தரையைக் கழுவ டின்களை இடம் மாற்றிவிட்டாள். அன்றைக்கு அவர் போட்ட சத்தம் பாலாறு தாண்டிக் கேட்டிருக்கும். அப்புறம் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, "எண்ணு பாத்து நீயே அடுக்கிடுப்பா," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

எனக்கு வேலை கற்றுக்கொடுக்கிறார், என் கண்ணைத் தீட்டுகிறார், அதற்குத்தான் ஒவ்வொரு நாளும் 'நீ சொல்லு' என்கிறார் என்று நினைத்தேன். மற்ற மேஸ்திரிகள் ஆள்களை நாய் மாதிரி விரட்டுவார்கள். இவர் சின்னப் பையன் சொல்லைக் காது கொடுத்துக் கேட்கிறாரே என்று பெருமைப்பட்டேன். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். லீவு கேட்டால் மட்டும் மனுஷனுக்கு முகம் சுருங்கிவிடும். அதையும் என்மேல் உள்ள பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

3

சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆன சமயம். வைகாசி ஒன்றாம் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே சாமி வந்து ஆடும். அதற்குப் போகாதவன் குடியாத்தத்தான் இல்லை. செவ்வாய், புதன், வியாழன் லீவு கேட்டேன். வெள்ளிக்கிழமை எங்கள் டேனரிகளில் வார லீவு. சனிக்கிழமை வந்துவிடலாம்.

"போய்த்தான் ஆவணுமா? பிரௌன் லாட்டு இருக்குதே. கப்பலுக்கு நாள் குறிச்சிட்டாங்க."

"சிரசு சார். போவாட்டி எங்க அம்மா சோறு போடாது."

சிரித்தார். சரி என்றார். திங்கட்கிழமை சாயங்காலம் அடித்துப்பிடித்து பஸ் ஏறினேன். மாதனூர் தாண்டும்போதுதான் ஞாபகம் வந்தது. மாதிரித் துண்டை டிராயரில் வைக்கவில்லை. சன்னலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

வடக்குச் சன்னல்தானே, வெயில் எங்கே படப்போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமாதானம் ஒரு நிமிஷம்தான் நின்றது. அந்தச் சன்னலில் வருஷத்தில் இரண்டு மூன்று மாசம் வெயில் விழும். சூரியன் வடக்கே சாய்கிற காலம். அது வைகாசி. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் மூன்று நாள் காய்ந்தால் எந்தக் கலரும் வெளுத்துப்போகும். இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. வீட்டில் விருந்தாளிகள், தெருவெல்லாம் பந்தல், நானும் இளவட்டம். சார் பார்த்து எடுத்து வைப்பார் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை போனபோது எல்லாம் முடிந்திருந்தது. வியாழக்கிழமையே மெட்ராஸிலிருந்து ஆள் வந்து தன் பாதியை லாட்மேல் வைத்துப் பார்த்திருக்கிறான். மாதிரி செம்பழுப்பு. எங்கள் லாட் பச்சையடித்த பழுப்பு. மொத்தத்தையும் கழித்துவிட்டு, எங்கள் பாதியையும் அத்தாட்சிக்கு என்று வாங்கிக்கொண்டு போய்விட்டான். வெளுத்துப்போன துண்டுக்குப் பொருத்திக் கலர் போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு அந்த நிமிஷமே நிச்சயமாகிவிட்டது. வெளுத்த துண்டைப் பார்த்துப் போட்டால் லாட்டும் வெளுப்பாகத்தானே இருக்க வேண்டும், பச்சை எங்கிருந்து வந்தது என்று யோசித்திருந்தால் அன்றைக்கே விஷயம் விளங்கியிருக்கும். குற்றமுள்ள நெஞ்சு எங்கே யோசிக்கிறது? குறுகுறுக்கத்தான் அதற்குத் தெரியும்.

முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி கத்துகிறவர் இல்லை. "இன்னா ஆச்சி நமச்சிவாயம்?" என்று மட்டும் கேட்டார்.

"தப்பு என்னுது முதலாளி. நான்தான் பாத்து பாஸ் பண்ணேன். இவன் ஊர்லயே இல்ல."

நான் பக்கத்திலேயே நின்றேன். துண்டை வெயிலில் விட்டது நான்தான் என்று சொல்ல வாய் திறந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. சொல்லவில்லை. என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஒருவர் நிற்கிறார், நான் மரம் மாதிரி நிற்கிறேன். அதைவிடக் கேவலமான ஐந்து நிமிஷம் என் வாழ்க்கையில் இல்லை.

அவரைத் திரும்பச் சுண்ணாம்புத் தொட்டிக்கே அனுப்பினார்கள். அவருடைய நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார்கள். ஆறு நாள் உட்கார்ந்தேன். முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஏழாம் நாள் வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சொல்லிக்கொள்ள அவரிடம் போனேன். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, ஈரத் தோல்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சுண்ணாம்பு அரித்த இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. 

யாரைக் கெடுத்தேனோ அவரே எனக்காக அழுகிறாரே என்று பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நானும் அழுதுகொண்டே போனேன்.

4

அப்புறம் மெட்ராஸில் ஒரு தோல் ஏற்றுமதி ஆபீஸில் வேலை. ஒரு வருஷம் கழித்து எங்கள் வீட்டு வாசலில் வெற்றிலைப் பாக்குத் தட்டோடு சார் வந்து நின்றாராம். பெண்ணைப் பெற்றவர் தானாக மாப்பிள்ளை வீடு தேடி வந்ததில் என் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குக் கடிதம் போட்டார். நான் பெண்ணைப் பார்க்கவே வேண்டாம், சரி என்று மறு தபாலில் எழுதினேன். "பொண்ணப் பாக்காமலே சரின்றானே, இவனுக்கு இன்னா பைத்தியமா?" என்று அம்மா கேட்டதாக அக்கா சொன்னாள்.

கல்யாணம் ஆன மறு வருஷம் இங்கே நார்தாம்டனுக்குத் தோல் படிப்புக்கு வந்து, படிப்பு முடிந்ததும் ஒரு செருப்புக் கம்பெனியின் தோல் கிடங்கில் வேலை கிடைத்து, அப்படியே தங்கிவிட்டோம். இங்கே சூரியனை நம்பி வடக்குச் சன்னல் வைக்க முடியாது. ஒரு பெட்டிக்குள் விளக்கைப் போட்டு அதில் கலர் பார்க்கிறோம். செந்தில் பிறந்தான், நடந்தான், இங்கிலீஷ் பேசினான். நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறான். அவனுக்கு நான் சொல்லும் ஒரே ஊர்க்கதை, பிறர் தப்பைத் தன் தப்பாக ஏற்றுக்கொண்ட ஒரு பாஸின் கதை. பெயர் சொல்லாமல்தான் சொல்வேன். அவன் கேட்டானோ இல்லையோ, நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். 'ஆம்' என்று டிக் போட்ட வசந்தாவிடம், "வெளாட்டு இல்ல வசந்தா, நெசமா சொல்லு," என்றேன்.

"அப்பா தக்காளி வாங்கினு வந்தா பாதிக்குப் பாதி காயாத்தான் இருக்கும். அம்மா திட்டும், அவரு சிரிப்பாரு. வெள்ள ஏன் கட்டினாருன்னு நெனச்சீங்க? எதுக்கு எது சேரும்னு அவருக்குத் தெரியாது. சின்ன வயசுல தறியில பாவு நூலை மாத்திப் போட்டு அவங்க அப்பாகிட்ட வாங்குன அடிக்குத்தான் தோலுக்கு ஓடனாரு. அங்கயும் கலர்லயே கொண்டுபோய்ப் போட்டாங்க. வெளிய சொன்னா வேல போய்டும்னு அம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கிச்சி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்களுக்குத்தான் அவரு சார் ஆச்சே. எப்படிச் சொல்றது?" என்றாள். இன்னொரு பீன்ஸை நறுக்கிக்கொண்டே, "இது தாய் வழியா வர்றதாமே. பையனுக்கு என்னாலதான் வந்துதா?" என்று கேட்டாள்.

அந்த இடத்தில் ஒரு புருஷன் என்ன செய்ய வேண்டும்? அவள் கையைப் பிடித்து, 'உன்னால இல்லம்மா' என்று சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. என் தலைக்குள் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. 'நீ சொல்லு.' எண் எழுதிய டின்கள். லீவு என்றால் சுருங்குகிற முகம். பச்சையடித்த லாட். பன்னிரண்டு வருஷமாக என் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் ஒரேயடியாகப் புரண்டது. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"அப்போ அது என் தப்பே இல்லையா!"

சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சன்னல், வெயில், மாதனூர், முதலாளி அறை, எல்லாம். கடைசியில், நாக்கில் சனி உட்கார்ந்துகொண்டு பேசியது: "அந்தப் பாவத்துக்குத்தான் வசந்தா, உங்க அப்பா பொண்ணு குடுக்கறேன்னு வந்தப்போ மறு பேச்சு பேசாம சரின்னு எழுதினேன்!"

வசந்தா கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் ஒரு தடவ அப்பாவுக்குக் கேரியர் எடுத்துனு டேனரி கேட்டுக்கு வந்தேன். மாம்பழக் கலர் தாவணி. அன்னிக்கு என்னப் பாத்தீங்கதானே?"

"எந்தக் கேட்டு?" என்றேன்.

இதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. நிச்சயமாகத் தெரிந்த விஷயத்தை யார் கேட்பார்கள்? கேட்டில் பார்த்தார், மனசுக்குப் பிடித்துப்போய்விட்டது, அதனால்தான் பெண் பார்க்கக்கூட வராமல் சரி என்றார் என்று பதினோரு வருஷமாக நம்பியிருக்கிறாள். தங்கச்சிகளிடம் சொல்லியிருக்கிறாள். இங்கே பக்கத்து வீட்டு இங்கிலீஷ்காரியிடம்கூட உடைந்த இங்கிலீஷில் சொல்லியிருக்கிறாள்.

"அவரு வேலைய நீங்க கெடுத்துட்டதா நெனச்சி, அதுக்குப் பிராயச்சித்தமா என்னக் கட்டிக்கினீங்க. இப்போ தப்பு உங்களுது இல்லன்னு ஆயிப்போச்சி. இனிமே இன்னா செய்யப் போறீங்க?"

பீன்ஸ் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

5

ஏழு வாரம் வசந்தா என்னோடு நேராகப் பேசவில்லை. சண்டை இல்லை, அழுகை இல்லை. நேரத்துக்குச் சோறு வந்தது, சட்டை இஸ்திரியாகித் தொங்கியது. சொல்ல வேண்டியதெல்லாம் பையன் வழியாக வந்தது, அதுவும் இங்கிலீஷில். சோறு ஆறுகிறது என்று உன் அப்பாவிடம் சொல், மழை வருகிறது என்று சொல். பையன் வாயில் தமிழ் வரவில்லை என்று நாங்கள் இருவரும் புலம்பியது போக, எங்களுக்குள்ளேயே தமிழ் நின்றுவிட்டது. செந்தில் இரண்டு பக்கமும் சேதி சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், "நீங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில்தானே இருக்கிறீர்கள்?" என்று கேட்டான், இங்கிலீஷில்.

கிடங்கில் விளக்குப் பெட்டிக்குள் தோலை வைத்துப் பார்த்துக்கொண்டே யோசிப்பேன். தப்பு என்னுது என்று அவர் சொன்னதை எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்திருந்தேன். அவர் சொன்னது உள்ளதை உள்ளபடி. அப்படியென்றால் அதில் என்ன பெருமை? ஆனால் தன் தப்பைத் தன் தப்பு என்று முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்? நான் சொல்லவில்லையே. தான் பாஸ் பண்ணியதைச் சொன்னவர் கண்ணைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது பொய்யா? என் கண்ணை ஒன்றரை வருஷம் இரவல் வாங்கிக்கொண்டு, எனக்குச் சொல்லாமலே வேலை பார்த்தார். கோபம் வர வேண்டும். வரவில்லை. அந்தக் கண்ணை மதித்த முதல் ஆள் அவர்தானே என்று திரும்பவும் ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்பேன். ஒரே பேஜார்.

இதற்கு நடுவில் வசந்தாவின் கேள்வி. இன்ன காரணத்துக்காகக் கட்டினேன், அந்தக் காரணம் பொய்யாகிவிட்டது. சரி. பதினோரு வருஷம்? குளிரில் முதல் வருஷம் ஒரே கம்பளிக்குள் நடுங்கியது? பிரசவ ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ் தெரியாமல் அவள் என் கையைக் கிள்ளிக் கிள்ளிப் புண்ணாக்கியது? இதெல்லாம் எந்தக் காரணத்தில் சேர்த்தி? இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் ஒத்திகை பார்ப்பேன். வீட்டுக்குள் நுழைந்ததும் நாக்கு முதலாளி அறையில் ஒட்டிக்கொண்ட மாதிரியே ஒட்டிக்கொள்ளும்.

கடைசியில் சாருக்கே எழுதினேன். வசந்தா கேட்ட கேள்வி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதினேன். 'நான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியுமா சார்?' என்று முடித்தேன்.

6

பதில் ஒரு பார்சலாக வந்தது. துணியில் சுற்றி, ஊசிநூலால் தைத்து, அரக்கு வைத்த பார்சல். மேலே சுங்கத்துக்கான சீட்டில் உள்ளே என்ன இருக்கிறது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார்: இரண்டு சட்டை, ஒரே நிறம். நிறத்தை எந்தச் சுங்கக்காரன் கேட்டான்? ஆனாலும் எழுதியிருந்தார்.

கடிதத்தை வசந்தாவுக்குக் கேட்கும்படி சத்தமாகவே படித்தேன். அவள் அடுப்புப் பக்கம் பார்த்து நின்றாள்.

'மாப்பிள்ளை அவர்களுக்கு. இங்கு அனைவரும் நலம். பேரனுக்குப் பயப்பட ஒன்றும் இல்லை, தக்காளி வாங்க மட்டும் அனுப்ப வேண்டாம். தாங்கள் எழுதிய சன்னல் விஷயம். தாங்கள் பஸ்ஸுக்கு ஓடின கால் மணி நேரத்தில் அந்தத் துண்டை நான் எடுத்து டிராயரில் வைத்துவிட்டேன். அதன்மேல் ஒரு பொட்டு வெயில் படவில்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அதைக் கையில் வைத்துக்கொண்டு சன்னலில் தனியாக நின்றேன். யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் தெரிந்துவிடும். கப்பலுக்கு நேரமாயிற்று, கையெழுத்துப் போட்டேன். தொட்டிக்கு அனுப்பினார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. ஆனால் தாங்கள் அந்த நாற்காலியை வேண்டாம் என்று விட்டுப் போனீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. என் கண் விஷயம் தங்களுக்குத் தெரிந்துபோய், அங்கே இருந்தால் என்றைக்காவது வாய் தவறி வெளியே வந்துவிடும் என்றுதான் தாங்கள் போகிறீர்கள் என்று நினைத்தேன். எனக்காக வேலையை விட்டவனுக்குத்தான் என் பெண் என்று அன்றே முடிவு செய்து தங்கள் தகப்பனார் வீட்டுக்கு வந்தேன். இப்போது தாங்கள், எனக்கு ஒன்றுமே தெரியாது சார் என்று எழுதுகிறீர்கள். எனக்குத் தலை சுற்றுகிறது. தங்கள் அத்தையிடம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே இருக்கிறாள்.

சட்டை இரண்டும் தங்களுக்கும் பேரனுக்கும். இந்த ஒரு தடவை யாரையும் கூட்டிக்கொண்டு போகாமல், யாரையும் கேட்காமல், நானே கடையில் எடுத்தேன். இரண்டும் ஒரே நிறம்.'

அவ்வளவுதான். நான் அவரைப் பெரிய மனசுக்காரர் என்று நினைத்துப் பெண்ணைக் கட்டியிருக்கிறேன். அவர் என்னைப் பெரிய மனசுக்காரன் என்று நினைத்துப் பெண்ணைக் கொடுத்திருக்கிறார். இரண்டுமே இல்லை. கல்யாணம் மட்டும் நடந்திருக்கிறது. வசந்தா திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் பயமாக இருந்தது.

பார்சலைப் பிரித்தேன். ஒன்று நல்ல இலைப் பச்சை, சின்னது. ஒன்று காப்பிப் பழுப்பு, பெரியது.

செந்தில் இரண்டையும் பார்த்துக் குதித்தான். ஒரே கலர், அப்பாவும் நானும் ஒரே கலர் என்று தன்னுடையதை அங்கேயே மாட்டிக்கொண்டான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் நடத்தும் சந்தைக்குப் போகும்போது நானும் அதையே போட வேண்டும் என்று பிடிவாதம். காலையில் போட்டுக்கொண்டேன். கண்ணாடி முன்னால் இரண்டு பேரும் நின்றோம். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் ரொம்ப நாளாகப் பார்த்திருக்கவில்லை. பஸ் வருகிறதா பார்க்கிறேன் என்று வாசலுக்கு ஓடினான்.

வசந்தா கதவோரம் நின்றாள். பையன் இல்லாததால் சேதி சொல்லி அனுப்ப ஆள் இல்லை. ஏழு வாரம் கழித்து நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"கலரு பாக்கற ஆளு, நெசத்தச் சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணா?"

"இல்ல. அவனுது பச்ச. என்னுது பழுப்பு."

"வாங்கினவரு தப்பா வாங்கி அனுப்பிட்டாரு. அப்புறம் எதுக்குப் போட்டுனு போறீங்க?"

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த அத்தனையும் ஒரே சமயத்தில் வாய்க்கு வந்து அடைத்துக்கொண்டது. குளிர், கம்பளி, ஆஸ்பத்திரி, ஒன்றும் வெளியே வரவில்லை.

"எனக்குப் புடிச்சிருக்குது," என்றேன். "அதனால."

அவள் கிட்டே வந்தாள். காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்ததை இழுத்துச் சரி செய்தாள்.

"இத சொல்றதுக்குப் பதினோரு வருஷமா?" என்றாள்.